பேஸ் பெட்டிக்குப் போட்டுப் பார்த்த மூன்று பிளக்குகள்

2023 ஆடித் திருவிழா. தீமிதி முடிந்து ராத்திரி பத்தரை மணி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்துக் கோயில் திடலில் எங்கள் குழு வாசித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டின் பாதியில் என் பேஸ் கிட்டாரின் சத்தம் காணாமல் போனது. ட்ரம்ஸ் ஓடுகிறது, கீபோர்டு ஓடுகிறது, பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். அடியில் மட்டும் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தேன். சத்தத்தைப் பெருக்கும் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் குனிந்து கையை விட்டால், ஒயர் நுனியில் குச்சி மாதிரி இருக்கும் ஜேக் பிளக் பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன், சுட்டது.

அன்றைக்கு ஆரம்பித்த செலவும் யோசனையும்தான் இந்த விமர்சனம். பேஸ் ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் இணைக்கும் ஒயரின் நுனியில் என்ன பிளக் போடலாம் என்பதற்காக ஒன்றரை வருடத்தில் மூன்று வகை வாங்கிப் பார்த்தேன். ஒன்று பழைய ஜேக். இன்னொன்று ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே செய்த, திருப்பிப் பூட்டும் பிளக்) மாதிரி இருக்கும் பேர் இல்லாத மலிவுச் சரக்கு. மூன்றாவது நியூட்ரிக் கம்பெனியின் ஸ்பீக்கான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் செம்பனை ஆலையில் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன் வேலை. சனி, ஞாயிறு கல்யாணம், காதுகுத்து, இருபத்தொன்றாவது பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் பேஸ் வாசிக்கப் போவேன். ஆம்ப் 500 வாட், 4 ஓமில். பெட்டி இரண்டு: ஒன்றில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர், இன்னொன்றில் ஒரே ஒரு 15 அங்குலம். ஒவ்வொன்றும் 8 ஓம். பக்கவாட்டில் (பேரலலாக) சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும், ஆம்ப் முழு பலத்தையும் கொடுக்கும்.

இனி அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லோரியிலிருந்து சாமான் இறக்கியவன் புதுப் பையன். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். இருட்டில் கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஒயர் தேடியிருக்கிறான். பையில் கறுப்பாக, இரண்டு பக்கமும் ஜேக் உள்ள ஒயர் ஒன்று கிடைத்தது. மாட்டிவிட்டான். அது கிட்டார் ஒயர். "அண்ணே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று பிறகு கேட்டான். கேட்டது நியாயம். கிட்டார் ஒயருக்கும் ஸ்பீக்கர் ஒயருக்கும் ஒரே மூஞ்சி. அதே 6.35 மில்லிமீட்டர் ஜேக், அதே கறுப்புத் தோல். உள்ளேதான் வேறு.

கிட்டார் ஒயரின் நடுவில் தலைமுடி மாதிரி மெல்லிய இழைகள் கொஞ்சம், அதைச் சுற்றி வலை. நரம்பின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் கொசு அளவு மின்சாரத்தை வெளி இரைச்சல் சேராமல் கொண்டுபோக அது போதும். ஸ்பீக்கருக்குப் போவது கொசு இல்லை. 500 வாட், 4 ஓம் என்றால் உச்சத்தில் 11 ஆம்பியர். நம் வீட்டில் 13 ஆம்பியர் பிளக்கில் சொருகிய கெட்டில் தண்ணீர் கொதிக்கும்போது இழுப்பதைவிட அது கொஞ்சம் கூடவே இருக்கும். கெட்டிலுக்கு யாராவது கிட்டார் ஒயர் போடுவார்களா? மூன்று மீட்டர் கிட்டார் ஒயரில் போக வர மொத்தத் தடை ஒரு ஓமில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், முழு சத்தத்தில் கிட்டத்தட்ட 40 வாட் அந்த ஒயரிலேயே சூடாகிப் போகும். என் சோல்டரிங் இரும்பு 40 வாட். அதே மூன்று மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் நஷ்டம் 5 வாட்தான். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடாது என்பதால் அன்றைக்கு ஒயர் உருகவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஆம்ப் ஏன் சிவப்பு விளக்குப் போட்டது? மேடைக்குப் பின்னால் சுண்டல் பொட்டலம் எடுக்க ஓடிய ஒரு சின்னவன் ஒயரைக் காலால் இழுத்திருக்கிறான். ஜேக் பாதி வெளியே வந்துவிட்டது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜேக்கின் நுனி ஒரு துருவம், உடம்பு இன்னொரு துருவம். சாக்கெட்டுக்குள்ளே நுனியைத் தொட ஒரு வளைந்த தகடு, வாயில் உடம்பைத் தொட ஒரு வளையம். ஜேக் பாதி வெளியே வந்ததும் நுனித் தகடு நழுவி உடம்பின் மேல் உட்கார்ந்துவிடும். இப்போது தகடும் வளையமும் ஒரே உலோகத்தைத் தொடுகின்றன. ஆம்ப் தன் வாயில் தானே ஷார்ட் ஆகிறது. கழன்று விழுந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. பாதியில் நின்றதுதான் வினை.

ஆம்ப் அன்றைக்கு அணைத்துப் போட்டதும் உயிர் பெற்றது. நானும் சாமி காப்பாற்றியது என்று நிம்மதியாக வாசித்து முடித்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு, டேவானில் (மண்டபத்தில்) சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு வந்தது, அணையவே இல்லை. ரிப்பேருக்கு 380 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் கல்யாணத்துக்கு எனக்குக் கிடைத்த சம்பளம் 250.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆம்பின் பின்னால் ஜேக் துளைக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கான் துளை வாங்கிய நாளிலிருந்து இருந்தது. நான்தான் பழக்கத்தில் ஜேக்கையே போட்டு வந்தேன். ஆலையில் யாராவது 11 ஆம்பியருக்கு இப்படி ஒரு பிளக் போட்டிருந்தால் பேனலைத் திறக்கவே விடாமல் திட்டியிருப்பேன்.

ஜேக் மேல் எனக்குப் பகை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கிச் சொருகி ஆளுக்கு ஆள் இணைத்தார்களே, அந்தப் பலகைக்காகப் பிறந்த பிளக் அது. நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. கிட்டாரிலிருந்து ஆம்புக்கு இன்றும் அதைவிட நல்லது இல்லை. வீட்டில் பழகுவதற்கு வைத்திருக்கும் சின்ன 30 வாட் பெட்டிக்கும் அதுவே போதும். ஆனால் தொலைபேசிப் பேச்சுக்குச் செய்த ஒன்றை 500 வாட்டுக்குப் போடுவது கைவண்டியில் செம்பனைக் குலை ஏற்றுகிற மாதிரி. போகும், அச்சு முறிகிற வரைக்கும்.

இன்னொன்றும் உண்டு. இப்போது வரும் டி வகை ஆம்புகள் பலவற்றில் வெளியீடு பிரிட்ஜ் முறையில் இருக்கும். அதாவது இரண்டு முனையிலும் உயிர் இருக்கும், எதுவும் எர்த் கிடையாது. அதில் ஜேக்கின் வெளி உடம்பு மேடை இரும்பில் பட்டாலே தொல்லை ஆகலாம். சில கம்பெனிகள் ஜேக் துளையை எடுத்துவிட்டு ஸ்பீக்கான் மட்டும் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் ஆம்பில் ஜேக் துளை இல்லையே என்று புலம்பாதீர்கள். உங்கள் நன்மைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள்.

நான் வாசிக்க வந்த புதிதில் இதைவிடக் கூத்தெல்லாம் நடந்தது. அப்போது பல பெட்டிகளில் மைக்குக்குப் போடும் மூன்று ஊசி கேனன் பிளக்கைத்தான் ஸ்பீக்கருக்கும் போட்டிருப்பார்கள். மைக் ஒயரை ஆம்பில் சொருகியதும், ஸ்பீக்கர் ஒயரை மிக்ஸரில் சொருகியதும் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேலே ஒருவர். பேர் வேண்டாம். கிடைக்கிற பொருளில் செய்கிறேன் என்று ஸ்பீக்கர் ஒயருக்கு வீட்டு மின்சாரப் பிளக்கையே போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் கோயில் மண்டபத்தில் யாரோ உதவி செய்கிறேன் என்று அதைச் சுவர்ச் சுவிட்சில் சொருகிவிட்டார்கள். ஒரே ஒரு 'டொம்'. அந்தப் பெட்டியில் அதற்குப் பிறகு கோழி அடைத்ததாகக் கேள்வி.

அப்புறம் மலிவுச் சரக்கு. ஆம்ப் ரிப்பேர் முடிந்த கையோடு போனில் தேடினேன். ஸ்பீக்கான் மாதிரியே இருக்கிறது, கறுப்பு உடம்பு, நீல வளையம், நான்கு 22 வெள்ளி. அசல் ஒன்றின் விலைக்கு இங்கே நான்கு கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது; 380 வெள்ளி ரிப்பேருக்குக் கொடுத்தவன் எண்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறேன்.

நான்கையும் மேசையில் போட்டுப் பிரித்தேன். முதல் பிளக்கில் ஒயரைப் பிடிக்கும் திருகு இரண்டு சுற்றிலேயே வழுக்கிவிட்டது. மரையே இல்லை. இரண்டாவதில் திருகு இறுகியது, ஆனால் தகடு வளைந்து பக்கத்துத் தகட்டுப் பக்கம் சாய்ந்தது. உள்ளே இருக்கும் தொடுதகடு செம்பா என்று பார்க்க, குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த சாமி படக் காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. இரும்புக்கு மேலே பூச்சு பூசி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஈரத்தில் அது எத்தனை மாதம் தாங்கும்? லயத்துத் தகரக் கூரைக்குத் தெரியும்.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். எல்லாம் ஒரே தரம்தான் பாஸ் என்று பதில் வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நான்கில் ஒன்று இரண்டு மாதம் நன்றாகவே வேலை செய்தது. அசல் சாக்கெட்டில் மாட்டினால் லொடலொடவென்று ஆடும், ஆனால் சத்தம் வந்தது. பிறகு ஒரு நாள் பூட்டும் தாழின் பிளாஸ்டிக் ஸ்பிரிங் உடைந்து பூட்டு விழாமல் போனது. பூட்டாத ஸ்பீக்கானுக்கும் ஜேக்குக்கும் என்ன வித்தியாசம்? தூக்கிப் போட்டேன்.

அசலை ஈப்போவில் வாங்கினேன். இசைக்கருவி விற்கும் ஒரு சீனர் கடை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, எதையும் விற்கும் அவசரம் இல்லாதவர். நான்கு துருவப் பிளக் (உள்ளே நான்கு தொடுதகடு உள்ளது) நான்கு கேட்டதும், "பேஸுக்கா? இரண்டு துருவம் போதுமே" என்று மலாயில் சொன்னார். சரக்கை விற்காமல் அறிவுரை சொல்லும் கடை அபூர்வம். இருந்தாலும் நான் நான்கு துருவமே வாங்கினேன். மாதிரியின் பேர் என்எல்4எஃப்எக்ஸ். ஒன்று 26 வெள்ளி, நான்குக்கு 104.

கம்பெனியைப் பற்றி ஒரு வரி. நியூட்ரிக், ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே இருக்கும் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டுக்காரர்கள். ஸ்பீக்கானை 1987-இல் கொண்டுவந்தார்கள். ஸ்பீக்கருக்கென்றே செய்த பிளக், வேறு எதிலும் நுழையாது. இதுதான் அதன் முதல் பெருமை. மைக்கிலோ கிட்டாரிலோ சுவரிலோ சொருகவே முடியாது. தொடுதகடுகள் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருப்பதால் விரல் படாது, தரையில் கிடந்தாலும் ஷார்ட் ஆகாது. உள்ளே தள்ளி வலப்பக்கம் திருப்பினால் 'கிளிக்' என்று பூட்டும். கழற்ற வேண்டும் என்றால் தாழைப் பின்னால் இழுத்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். சுண்டலுக்கு ஓடும் பையன் காலில் மாட்டினால் இனி பையன்தான் விழுவான், பிளக் வராது. (ஆகவே ஒயரைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள்.)

ஒயர் கட்டிய கதையைச் சொல்கிறேன், இதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறி முடித்து, அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு ஒயர் உள்ள வகை, ஒவ்வொன்றும் 2.5 சதுர மில்லிமீட்டர், வட்டத் தோல். இரண்டு மீட்டர் ஒன்று ஆம்பிலிருந்து முதல் பெட்டிக்கு, ஒரு மீட்டர் ஒன்று பெட்டியிலிருந்து பெட்டிக்கு. வெளித் தோலை உரித்து, உள் ஒயரின் நுனியை 8 மில்லிமீட்டர் சீவினேன். ஆலையில் செய்கிற மாதிரி ஒவ்வொரு நுனிக்கும் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பெர்ரூல் குழாய் போட்டு நசுக்கினேன். ஈயம் பூசவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: திருகில் பிடிக்கும் ஒயருக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் மெத்து. திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். இன்றைக்கு இறுகிய திருகு ஆறு மாதத்தில் தானாகத் தளர்ந்திருக்கும். பேனலில் கருகிய முனைகளை அவிழ்த்துப் பார்த்தால் பாதியில் இதுதான் கதை.

பிளக்கின் முகப்பில் 1 பிளஸ், 1 மைனஸ், 2 பிளஸ், 2 மைனஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன். போன் விளக்கை அடித்துப் பார்த்து, "பா, சிவப்பை இதுல போடுங்க" என்று காட்டினாள். சிவப்பு 1 பிளஸ், கறுப்பு 1 மைனஸ். 2-ஆம் ஜோடி காலியாகவே இருக்கட்டும். திருகை இறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. உள்பகுதியை உடம்புக்குள் தள்ளினேன், சரியாக உட்கார்ந்தது. ஆகா என்று பின்மூடியை எடுக்கிறேன். மூடியை ஒயரில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். மறுமுனையில் ஏற்கெனவே பிளக் கட்டியாகிவிட்டது. முப்பது வருடம் ஒயர் வேலை பார்த்தவன். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவிழ்த்து, மூடியும் ஒயரைக் கவ்வும் நகமும் கோத்து, மறுபடி கட்டினேன்.

அந்தக் கவ்வும் நகம்தான் விலைக்கு உரிய இடம். மூடியைத் திருகத் திருக, நகம் ஒயரின் தோலைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கிறது. யாராவது ஒயரை இழுத்தால் பலம் தோலுக்குப் போகும், உள்ளே திருகுக்குப் போகாது. நான் மூன்று கிலோ அரிசி மூட்டையை ஒயரில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் வீட்டில் கிடக்கிற தட்டையான மெல்லிய ஒயரைப் போட்டால் நகம் பிடிக்காது, நழுவும். வட்டமான, கொஞ்சம் தடித்த ஒயர் வேண்டும். ஒற்றைக் கம்பி உள்ள வீட்டு ஒயரும் ஆகாது. சுருட்டிச் சுருட்டி உள்ளேயே முறியும். விலை உயர்ந்த, பளபளக்கும் ஸ்பீக்கர் ஒயர் என்று விற்பார்கள். இரண்டு மீட்டருக்கு அதெல்லாம் வேண்டாம். தடிமன் சரியாக இருந்தால் ரப்பர் தோல் போட்ட சாதாரண மின் ஒயரே போதும். காசைப் பிளக்கில் போடுங்கள்.

பெட்டிப் பக்கமும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய பெட்டிகளில் வெறும் ஜேக் துளைகள். பெட்டிக்கு இரண்டு வீதம் என்எல்4எம்பி சாக்கெட் வாங்கினேன், ஒன்று உள்ளே வர, இன்னொன்று அடுத்த பெட்டிக்குப் போக. உள்ளே இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் முடிந்தது. துளை 24 மில்லிமீட்டர். பெட்டியின் பின்தகட்டைக் கழற்றி வெளியே வைத்துத் துளையுங்கள். நான் சோம்பேறித்தனத்தில் பெட்டியில் வைத்தே துளைத்து, இரும்புத் தூள் உள்ளே விழாமல் இருக்க ஈரத் துணி அடைத்து, பிறகு ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். ஸ்பீக்கர் காந்தத்துக்கு இரும்புத் தூள் என்றால் உயிர்.

மாட்டி முடித்து வாசித்தால், அடி பி நரம்பை மீட்டும்போதெல்லாம் ஒரு விசில் சத்தம். என்னுடையது ஐந்து நரம்பு பேஸ். அடி நரம்பு 31 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்த ஆழத்தில் ஸ்பீக்கர் உள்ளே வெளியே என்று பெரிதாக நகரும், பெட்டிக்குள் காற்று முட்டும். நான் போட்ட சாக்கெட்டின் ஓரத்தில் நூல் அளவு இடைவெளி. காற்று அந்த வழியாகத்தான் ஊதிக்கொண்டிருந்தது. கதவுக்கு ஒட்டும் நுரை டேப்பை வெட்டி அடியில் வைத்து இறுக்கியதும் விசில் நின்றது. டேப் 3 வெள்ளி 50 சென்.

இன்னொரு சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள். ஆம்பைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து அதன் பிளஸை 1 பிளஸிலும் மைனஸை 1 மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் காகிதம் வெளிப்பக்கம் துள்ள வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் துள்ளினால் சரி. ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டி இரண்டு இருந்தும் பேஸ் மட்டும் கேட்காது. என் 15 அங்குலப் பெட்டி எத்தனையோ வருடமாகத் தலைகீழாகவே இருந்திருக்கிறது. இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. ஸ்பீக்கானின் புகழில் பாதி உண்மையில் இந்தத் திருத்தத்துக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டதால் எதனால் சத்தம் இவ்வளவு திடமானது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. பிளக் மாற்றினால் சத்தம் இனிக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் பேட்டரியை எடுங்கள்.

நான்கு துருவமா, இரண்டா? தவுக்கே சொன்னது தப்பில்லை. இரண்டு துருவப் பிளக் நான்கு துருவச் சாக்கெட்டில் நுழையும், 1-ஆம் ஜோடியைத் தொடும். மறுபக்கம் நடக்காது; நான்கு துருவப் பிளக் இரண்டு துருவச் சாக்கெட்டில் சேராது. நாங்கள் பெரிய நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுக்கும் பெட்டிகள் எல்லாம் நான்கு துருவம்தான். அதனால் கையில் ஒரே வகையாக இருக்கட்டும் என்று நான்கு எடுத்தேன். வாடகைப் பெட்டியில் ஒரு சூது உண்டு: சிலவற்றில் அடிச் சத்தம் 1-ஆம் ஜோடியிலும் மேல் சத்தம் 2-ஆம் ஜோடியிலும் வரும்படி பிரித்திருப்பார்கள். சில பவர் ஆம்புகளில் பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால்) வெளியீடு 1 பிளஸுக்கும் 2 பிளஸுக்கும் நடுவே வரும். பிளக் நுழைந்துவிட்டது என்பதற்காகச் சரியாக இருக்கும் என்று நம்பாமல், பின்னால் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

ஜேக்கும் ஸ்பீக்கானும் இரண்டும் நுழையும் கலப்புச் சாக்கெட் ஒன்றும் அதே கம்பெனியில் உண்டு. ஆம்ப் தயாரிக்கிறவர்களுக்கு இடம் மிச்சம். எனக்கு வேண்டாம். ஜேக் நுழையும் துளை இருந்தால் ஒரு நாள் யாராவது ஜேக்கை நுழைப்பார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். பிளக் நீளம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது, ஒரு சாண் இடம் விட வேண்டும். சின்ன மேடைகளில் இது தொல்லை. புதிதாகப் பிடிப்பவர்கள் தள்ளிவிட்டுத் திருப்பாமல் போய்விடுவார்கள். முதல் மாதம் இரண்டு முறை சத்தம் வராமல் ஓடினேன், இரண்டு முறையும் திருப்பாததுதான் காரணம். பிறகு பையன்களுக்கு ஒரே வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன்: 'கிளிக் கேக்காட்டி கைய எடுக்காதே.' இப்போது அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இருட்டில் தாழைத் தேடிக் கழற்றுவதும் முதலில் கஷ்டம். விரல் பழகும் வரை பிளக்கைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். விலை, அதுவும் குறைதான். இரண்டு ஒயர், நான்கு சாக்கெட், டேப் எல்லாம் சேர்த்து எனக்கு 200 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே ஆனது. ஆனால் ஒரு ரிப்பேரில் பாதி.

பதினான்கு மாதமாகப் போட்டு வாசிக்கிறேன். மழையில் நனைந்த திடல், தூசி பறக்கும் செம்மண் பாதை, ஒரு முறை லோரியில் பெட்டிக்கு அடியில் மாட்டி நசுங்கியதும் உண்டு. உடம்பில் கீறல் இருக்கிறது, பூட்டு இன்னும் முதல் நாள் மாதிரி விழுகிறது. போன மாதம் நான்கையும் அவிழ்த்துப் பார்த்தேன். ஒரே ஒரு திருகு மட்டும் கால் சுற்று இறுகியது, மற்றவை அசையவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பையில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஜேக், மறுபக்கம் ஸ்பீக்கான் உள்ள ஒயர், அதே தடித்த ஒயரில் கட்டியது. சிவப்பு டேப் சுற்றித் தனிப் பையில், தனி ஜிப்பில் கிடக்கிறது. அது கீபோர்டு அண்ணனுக்காக. அவருடைய பழைய ஆம்பில் ஜேக் துளை மட்டும்தான். மாற்றிக் கொடுக்கிறேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். "இத்தனை வருசம் ஒன்னும் ஆகலையே தம்பி" என்கிறார். அவர் வரும் நிகழ்ச்சிகளில் அந்த ஒயரை மட்டும் நானே கையால் மாட்டுகிறேன், நானே கழற்றுகிறேன். சுண்டல் எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்றும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.